தெருவிளக்கில் படிக்காதவர்

"கூரை வீட்டில் பிறந்து, தெருவிளக்கில் படித்து, வறுமையை வென்று தலைமையாசிரியையாக உயர்ந்த கல்விச் சுடர் திருமதி ஃபஸீஹா அவர்கள்."

விழுப்புரத்தில் கல்வி நண்பர்கள் மன்றம் நடத்திய பாராட்டு விழாவுக்கு அடித்த பேனரில் இப்படித்தான் இருந்தது. இதில் ஃபஸீஹா என்ற பெயரும் தலைமையாசிரியை என்ற பதவியும் உண்மை.

அவர் பிறந்தது கோட்டக்குப்பத்தில், மொசைக் தரை போட்ட மாடி வீட்டில். அப்பா முகம்மது கவுஸ் துபாயில் கடை வைத்திருந்தார். வீட்டில் ஃப்ரிட்ஜ் இருந்தது. கணக்குக்கு ஒரு வாத்தியார், இங்கிலீஷுக்கு ஒரு வாத்தியார் என்று வீடு தேடி வந்தார்கள். தெருவிளக்கைப் பொறுத்தவரை, அவர் ஒன்பதாவது படிக்கிற வரை அந்தத் தெருவில் விளக்குக் கம்பமே கிடையாது. பிறகு வந்த கம்பமும் கவுஸ் யாரிடமோ சொல்லித் தன் வாசலுக்கு நேராக நட வைத்ததுதான். அதன் அடியில் யாரும் படித்ததாகத் தகவல் இல்லை. பக்கத்து வீட்டு மாட்டைக் கட்டியிருந்தார்கள்.

பேனரைப் பார்த்ததும் ஃபஸீஹா மன்றச் செயலாளர் சீனுவாசனுக்கு ஃபோன் செய்தார். சீனுவாசன் ஓய்வு பெற்ற வங்கி அலுவலர். கெட்ட எண்ணம் துளியும் இல்லாதவர், அதனாலேயே அவரோடு சண்டை போடுவது சிரமம். போன வருடம் மேல்மலையனூர்ப் பக்கத்து டாக்டர் ஒருவரைக் கேப்பைக் கூழ் குடித்து வளர்ந்தவர் என்று போட்டோம், அவர் அப்பாவுக்கு ரைஸ்மில்லே இருந்தது, அவர் ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லையே என்று சமாதானம் சொன்னார்.

"கஷ்டப்பட்டு வந்தவங்கன்னு போட்டாத்தான் மேடம் ஜனங்க கை தட்டும். துபாய்க்காரர் வூட்டுப் பொண்ணு படிச்சிதுன்னு போட்டா, படிக்காம வேற இன்னா பண்ணும்னு கேப்பாங்க."

கேள்வி நியாயமானதாக இருந்ததுதான் ஃபஸீஹாவுக்கு எரிச்சல்.

கூடவே இருக்கும் அம்மா பரக்கத் நிஷாவின் எரிச்சல் வேறு வகை. அவருக்கு 'வறுமை' பரவாயில்லை, 'கூரை'தான் தாங்கவில்லை. கோட்டக்குப்பத்தில் அந்தத் தெருவுக்கே முதல் மொசைக் தங்கள் வீடுதான் என்றும், கூரை என்று எழுதினவனை ஒரு நாள் கூட்டிக்கொண்டு வரும்படியும் மகளிடம் சொன்னார். அதையே ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் சொன்னார்.

ஃபஸீஹா விட்டிருப்பார். அரசுப் பள்ளியில் இத்தனை வருடம் இருந்தவருக்குப் பேனரைவிடப் பெரிய பொய்களோடு பழக்கம் உண்டு. ஆனால் திண்டிவனத்தில் அவருடைய பள்ளியில் பன்னிரண்டாவது படிக்கும் கலைமதி விஷயத்தில் அந்தப் பேனர் குறுக்கே வந்து நின்றது.

கலைமதி நன்றாகப் படித்துக்கொண்டிருந்தவள். இப்போது முதல் பீரியடிலேயே தூங்கி விழுகிறாள், இயற்பியலில் ஃபெயில். அவள் அப்பா ராஜ்குமாருக்குப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சாயங்கால பஜ்ஜிக் கடை. பள்ளி விட்டதும் வெங்காயம் அரிவதும் தட்டுக் கழுவுவதும் அவள் பொறுப்பு. அண்ணன் சேரனுடைய பொறுப்பு, கடை பெஞ்சில் உட்கார்ந்து செல்போன் பார்ப்பது. பரீட்சை முடிகிற வரையாவது பெண்ணை விடுங்கள் என்று ஃபஸீஹா கேட்கப் போனபோது, ராஜ்குமார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மிகுந்த மரியாதையோடு பதில் சொன்னார்.

"வாட்ஸ்அப்புல அந்த பேனரு பாத்தேங்க மேடம். தெருவெளக்குல படிச்சே நீங்க இம்மாந்தூரம் வந்துகிறீங்க. நம்ம கடையில எல்இடி லைட்டே கீது. இவளுக்கு இன்னாங்க கொறை?"

அது பொய் என்று ஃபஸீஹா சொன்னார். பெரியவங்க அப்படித்தான் சொல்லுவீங்க என்று ராஜ்குமார் சிரித்தார்.

எனவே விழா மேடையில், எழுதிக்கொண்டு போன பேச்சை விட்டுவிட்டு, ஃபஸீஹா சூட்கேஸைப் பற்றிப் பேசினார். அப்பா லீவில் வந்தால் கூடத்தில் எல்லாருக்கும் நடுவே சூட்கேஸ் திறக்கப்படும். சம்பந்தி வீட்டுக்கு வாட்ச், அத்தைமார்களுக்குப் புடவை, அக்கம்பக்கத்துக்கு சோப்பும் தலைவலித் தைலமும். பாத்திரம் தேய்த்த இருதயமேரிக்குக் காலி பிஸ்கட் டின். இருதயமேரிக்கும் அவருக்கும் ஒரே வயது. எடுத்துக் கொடுக்கும் வேலை ஃபஸீஹாவுடையது. யாருக்கு எது என்று அவருக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

"நான் படிச்ச நேரமெல்லாம் அந்தப் பொண்ணு எங்க தட்டைக் கழுவுன நேரம்" என்று முடித்தார்.

மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. சீனுவாசன் மைக்கை வாங்கி, எப்பேர்ப்பட்ட அடக்கம் பாருங்கள், தான் பட்ட கஷ்டத்தை இன்னொரு பெண்ணின் கதையாக்கிச் சொல்கிறார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் சாயங்காலம் ஃபஸீஹா அம்மாவை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பஜ்ஜிக் கடைக்குப் போனார். நான் எப்படி வளர்ந்தேன் என்று இவரிடம் சொல்லுங்கள் என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை, தேவையும் இருக்கவில்லை. பரக்கத் நிஷா எண்ணெய்ச் சட்டிக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மொசைக்கில் தொடங்கினார். ஃப்ரிட்ஜுக்கு வந்தார், வாத்தியார்களுக்கு வந்தார், சமைக்க ஒருத்தி, துவைக்க ஒருத்தி என்று போனார். சாப்பிட வந்தவர்கள் சட்னி கேட்பதை மறந்தார்கள்.

"இவளா? தண்ணிகூட மோந்து குடிச்சதில்ல. பரீட்சைன்னா பொஸ்தகத்த புடிச்சிக்கினு ஒக்காந்திருப்பா, நான் சோத்த ஊட்டி வுடணும்."

ராஜ்குமார் மாவிலிருந்து கையை எடுத்தார். "ஒரு தட்டுகூட கழுவலியாம்மா?"

"எதுக்குக் கழுவணும்? அதான் அந்தப் பொண்ணு இருந்துச்சே."

ராஜ்குமார் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டார். தண்ணீர்த் தொட்டி ஓரம் தட்டும் கையுமாகக் குனிந்திருந்த கலைமதியைப் பார்த்தார். பிறகு பெஞ்சைப் பார்த்தார்.

"டேய் சேரா, போனை வெச்சிட்டு எந்திரி. தட்டு கெடக்குது பாரு."

பேனர் இன்னும் விழுப்புரத்தில் தொங்குகிறது. ஃபஸீஹா செய்தது, தான் வசதியாக வளர்ந்தவர் என்பதை ஒரு பஜ்ஜிக் கடையில் சாட்சி வைத்து நிரூபித்து, கலைமதியைப் பரீட்சை முடியும்வரை தட்டுக் கழுவுவதிலிருந்து விடுவித்தது.