நாடகக் கம்பெனி மோட்டாரில் பெண் பார்க்கப் போனது

எதிர்வீட்டுத் தம்பி நேற்றுப் புதுக் கார் வாங்கி வந்து, முதல் ஆளாக என்னை உள்ளே உட்கார வைத்தான். புது ரெக்ஸின் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குத் தும்மல்தான் வந்தது. நான் முதன்முதலில் ஏறிய மோட்டாரில் அரிதாரமும், போஸ்டர் ஒட்டுகிற கஞ்சிப் பசையும் மணக்கும்.

அது என் பெரியப்பாவின் மோட்டார். திருமயம் பக்கத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். நான் அங்கே துணி கிழித்துக்கொண்டிருந்தேன். திருச்சிக்குப் போய்ப் புதிதாகவே வாங்கியிருக்கலாம். மனுஷர் கேட்டால்தானே? "புதுசு நம்மளை எங்க எறக்கிவிடும்னு யாருக்குத் தெரியும்? இது ஊரு ஊராப் பழகுன வண்டிடா" என்று, கலைந்துபோன ஒரு நாடகக் கம்பெனியிடமிருந்து அதைப் பிடித்து வந்தார். ஊர் ஊராகப் போய் நோட்டீஸ் வீசின வண்டி. வேறு சாயம் அடிக்கக்கூட விடவில்லை, நல்ல பச்சையாம்.

அதில்தான் எனக்குப் பெண் பார்க்கக் கறம்பக்குடி போனோம். உங்களிடம் சொல்வதற்கென்ன, நார்த்தாமலைத் திருவிழாவில் அந்தப் பெண்ணை ஏற்கெனவே பார்த்துவிட்டேன். அவள் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்றிருந்தேன். ஒரே சிக்கல், அவள் அப்பா. அவருடைய தம்பி நாடகக்காரர்களோடு ஓடிப்போனதிலிருந்து, நாடகம் என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாராம்.

ஊர் எல்லையில் ஹாரன் அடித்ததுதான் தாமதம், நாடகம் வந்துவிட்டதென்று ஊரே பின்னால் ஓடி வந்தது. பெரியப்பா தமக்குத்தான் இத்தனை மரியாதை என்று இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே வந்தார். பெண் வீட்டு வாசலில் நாங்கள் இறங்குவதற்குள் பத்துப் பேர் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். அதில் ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "ராஜபார்ட்டு நீங்கதானுங்களா?" என்றார்.

பெண்ணின் அப்பாவுக்கு முகம் கறுத்துவிட்டது. கம்பெனி வண்டியைப் பழசாக வாங்கினோம், பையனுக்குப் பாட்டே வராது என்று பெரியப்பா என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவர் அசையவில்லை. என்னிடம் திரும்பி, "எங்க, பாடுங்க பாப்போம்" என்றார்.

பாடினால் நாடகக்காரன், பாடாவிட்டால் மறைக்கிறான். கண்ணை இறுக மூடிக்கொண்டு, தெரிந்த ஒரே மாரியம்மன் பாட்டை எடுத்தேன். இரண்டாவது வரிக்குள் பாய் சுருட்டுகிற சத்தம் கேட்டது.

கண்ணைத் திறந்தால் கூட்டத்தைக் காணோம். பெண்ணின் அப்பா மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இந்தக் கொரலை எந்தக் கம்பெனியும் சேத்துக்காதுங்க. தாராளமாப் பொண்ணு குடுக்கிறேன்" என்றார்.

உலகச் சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் அந்த வண்டி போயிற்று. நாடகக் கம்பெனிகளும் போயின. நாற்பது வருஷம், குளிக்கும்போது நான் வாயைத் திறந்தால் போதும், "அதான் பொண்ணு குடுத்தாச்சுல்ல, இன்னும் எதுக்கு?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். இப்போதெல்லாம் முழுப் பாட்டையும் பாடி முடிக்கிறேன். நிறுத்தச் சொல்ல ஆளில்லை.