ஹோலில் நெல் இருந்தபோது விற்ற ஸ்பீக்கர்

ஒரு போன்

கடையைத் திறந்து, கண்ணாடி அலுமாரிக்குத் தூசு தட்டிக்கொண்டிருந்த நேரம் போன் அடித்தது. வட்டக்கச்சியில் இருந்து சிவமலர் அக்கா.

"பிள்ளை, உந்த ரெண்டு பெட்டியையும் வந்து ஏத்திக்கொண்டு போங்கோ. வீட்டுக்குள்ள இருக்கேலாமல் கிடக்கு."

"ஏனக்கா, பழுதாப் போச்சுதோ?"

"பழுதாப் போனாலும் பரவாயில்லை, சத்தம் வராது. இது ஒரே குமுகுமுவெண்டு குமுறுது. இவர் ஆசைப்பட்டு வாங்கினது. இப்ப இவரே போடுறாரில்லை."

அந்த இரண்டு பெட்டியும் நான் ஐந்து கிழமைக்கு முன் விற்ற டவர் ஸ்பீக்கர்கள். தரையில் நிற்கும், என் நெஞ்சளவு உயரம். நானாகப் பேசி, நானாகப் போட்டுக் காட்டி விற்ற முதல் சோடி அதுதான். போதாக்குறைக்கு, முதலாளி இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தார். மற்றவர்களின் போன் கதையைக் கேட்பதற்கென்றே கடவுள் அவருக்குத் தனியாக ஒரு காது வைத்திருந்தார்.

அறையும் ஃபானும்

கிளிநொச்சியில் ஏ-ஒன்பது வீதியோரத்தில் எங்கள் கடை. பல்பு, வயர், ஃபான், சோலர் லைட் எல்லாம் உண்டு. நான் பில் எழுதத்தான் சேர்ந்தேன். பின்னால் சும்மா கிடந்த ஒரு அறையைக் கெஞ்சி வாங்கி, கம்பளம் விரித்து, திரை போட்டு, வீட்டில் பாட்டுக் கேட்கிறவர்கள் உட்கார்ந்து கேட்டு வாங்குகிற இடமாக்கினேன். ஊரில் என்னை இன்றைக்கும் 'சவுண்ட் அக்கா' என்று கூப்பிடுவது அந்த அறையால்தான்.

முதலாளிக்கு அந்த அறை பிடிக்கவில்லை. அவர் இளமையில் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டினவர். பனையில் ஏறி ஹோர்ன் கட்டுவார். பக்கத்து ஊருக்குக் கேட்டால் நல்ல சவுண்ட், கேட்காவிட்டால் கூடாத சவுண்ட். அவருடைய சாஸ்திரம் அவ்வளவுதான். சின்ன ஸ்பீக்கரைக் கண்டால், "உது ஆருக்குக் காணும்? பூனைக்கோ?" என்று கேட்பார். ஒரு ஆளுக்கும் போதாது என்பது அவர் முடிவு.

நான் போனை வைத்ததும் கதிரையைத் திருப்பினார்.

"பிள்ளை, நீர்தானே வித்தனீர். அந்தப் பெட்டி திரும்பி வந்தால் உம்மட அறையில ஃபான் அடுக்குவன். சொல்லிப்போட்டன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வெயில் காலம் தொடங்கியிருந்தது. ஃபான் பெட்டிகள் ஏற்கனவே வாசல் வரை வந்து நின்றன.

விற்ற கதை

தவராசா அண்ணையும் சிவமலர் அக்காவும் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர்கள். அண்ணைக்குத் தவில் என்றால் உயிர். பெடியனாக இருந்த காலத்தில் நல்ல தவில் கச்சேரி என்றால் எத்தனை மைல் என்றாலும் சைக்கிள் உழக்கிப் போவாராம். இப்போது முழங்கால் விடாது. வீட்டில் கதிரையில் இருந்தபடி, முன்னுக்கு இருந்து கேட்கிற மாதிரிக் கேட்கவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை.

டவர், புக்ஷெல்ஃப் என்ற இரண்டு வகையையும் போட்டுக் காட்டினேன். டவரில் பேஸ் தரும் ஊஃபர் இரண்டு, பெட்டியும் பெரிது. பேஸ், அந்தக் கனத்த சத்தம், அடி வரைக்கும் இறங்கும். ஆனால் அதற்குக் கால் நீட்டி இருக்க இடம் வேண்டும். புக்ஷெல்ஃப் என்பது சின்னப் பெட்டி. அடி பேஸ் குறைவு, ஆனால் நடு ஹோலுக்கு அளவாக இருக்கும். பெயரை நம்பி அதை அலுமாரிக்குள் குத்துவிளக்குக்கும் பிள்ளைகளின் பரிசுக் கோப்பைக்கும் நடுவில் செருகுகிறவர்கள்தான் அதிகம். அப்படிச் செருகினால் நல்ல ஸ்பீக்கரும் தடிமன் பிடித்த ஆள் மாதிரித்தான் பாடும்.

அண்ணை டவரைத் தடவிக்கொண்டே நின்றார். அக்கா என்னைப் பார்த்தா. "உந்த ரெண்டும் நிக்கிற இடத்தில மூண்டு மூட்டை நெல் அடுக்கலாம், தெரியுமே?" என்றா.

"நெல்லு தவில் வாசிக்குமோ?" என்றார் அண்ணை.

எனக்கும் உள்ளூர டவர் விற்க ஆசை. முதலாளிக்கு முன்னால் ஒரு பெரிய பெட்டி விற்றுக் காட்டவேண்டும் என்ற திமிர். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு விற்கவில்லை. வீட்டுக்கே போய் வைத்துக் கேட்டேன். காலபோக நெல் அறுவடை அப்போதுதான் முடிந்திருந்தது. ஹோலில் இரண்டு சுவரோரமும் ஜன்னல் உயரத்துக்கு நெல் மூட்டை அடுக்கியிருந்தது. நடுவில் அண்ணையின் கதிரை. பாட்டைப் போட்டால், சத்தியமாகச் சொல்கிறேன், என் அறையில்கூட அப்படிக் கேட்டதில்லை. தவிலில் தடி அடித்தால் நெஞ்சில் தொட்டுவிட்டு உடனே நின்றது. அண்ணையின் கண் கலங்கிவிட்டது. நான் போனில் படம் எடுத்து முதலாளிக்கு அனுப்பினேன். "பார்த்தீரே, பெரிசு பெரிசுதான்" என்று பதில் வந்தது.

வட்டக்கச்சியில் ஒரு நாள்

போன் வந்த அன்றே ஓட்டோவில் ஒரு சோடி புக்ஷெல்ஃபையும் தூக்கிப் போட்டுக்கொண்டு போனேன். அண்ணை விறாந்தையில் இருந்தார். என்னைக் கண்டு சிரித்தார், ஆனால் சிரிப்பில் உப்பில்லை. பாட்டைப் போட்டேன். நாதஸ்வரக்காரர் கிணற்றுக்குள் விழுந்துவிட்டார். தவிலில் ஒரு அடி முடியமுன் அடுத்த அடி அதன் மேல் ஏறியது. அக்கா சொன்னது போலவே, குமுகுமு.

முதலில் ஆம்ப்ளிஃபயரைச் சந்தேகப்பட்டேன். பிறகு வயர் சிவப்பும் கறுப்பும் மாறியதோ என்று பார்த்தேன். எல்லாம் சரி. சுவரில் இருந்து பெட்டிகளை முன்னுக்கு இழுத்தேன். குமுறல் கொஞ்சம் அடங்கியது. ஆனால் குசினிக்குப் போகிற வழி அடைபட்டது. தேத்தண்ணியோடு வந்த அக்கா பெட்டியில் இடித்துக்கொண்டா.

"அண்டைக்கு நீங்கள் வைக்கேக்க நல்லாத்தானே இருந்தது?" என்றா. "இடையில என்ன மாறினது? நானும் மாறேல்லை, இந்த மனுசனும் மாறேல்லை."

"நெல்லுத்தான் போயிட்டுது" என்றார் அண்ணை சும்மா. "போன கிழமை லொறியில ஏத்தியாச்சு."

நான் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பி ஹோலுக்கு நடுவில் நின்று ஒருமுறை கை தட்டினேன். 'டங்' என்று திரும்பி வந்தது. சீமெந்துச் சுவர், சீமெந்துத் தரை, இரண்டு கதிரை, ஒரு மேசை. ஹோல் கழுவிக் கவிழ்த்த அண்டா மாதிரி இருந்தது. அன்றைக்கு அந்த பேஸை எல்லாம் குடித்துக்கொண்டு நின்றது நெல் மூட்டை. நான் கேட்டுப் பார்த்தது வீட்டை அல்ல, நெல்லை.

வெட்கமாகப் போய்விட்டது. ஒளிக்காமல் சொன்னேன். "அண்ணை, பெட்டியில பிழையில்லை. உங்களிலயும் பிழையில்லை. நான்தான் பிழையா வித்துப்போட்டன்."

கிணறு கட்டி மிஞ்சிய சீமெந்துக் கற்கள் வெளியில் கிடந்தன. அவற்றை இரண்டு இடத்தில் அடுக்கி, புக்ஷெல்ஃபை மேலே வைத்து, கீச்சுச் சத்தம் தரும் ட்வீட்டர் அண்ணையின் காது உயரத்துக்கு வரச் செய்தேன். போட்டேன். அண்ணை கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் கதிரைக் கையில் விரல்கள் ஓடத் தொடங்கின.

"பிள்ளை, இப்பதான் விரல் விரலாக் கேக்குது. தடிதான் கொஞ்சம் மெலிஞ்சு கிடக்கு."

பெட்டிகளை ஒரு சாண் சுவர்ப் பக்கம் தள்ளினேன். பேஸ் கொஞ்சம் கூடியது. "ஆ, காணும், காணும்!" என்றார். அக்கா கற்களைப் பார்த்து, "உதுக்கு ஒரு சீலை தைச்சுப் போட்டால் வடிவா இருக்கும்" என்றா. அது எனக்கு அந்த நாளின் சேர்டிபிகேட்.

ஆனால் டவர் திரும்பிப் போகத்தான் வேண்டும். கடையில் ஃபான் காத்துக்கொண்டிருக்கிறது. முதலாளிக்கு நெல் கதையைச் சொல்லி விளங்காது, கேட்டால்தான் நம்புவார் என்று அண்ணையிடம் சொன்னேன். அண்ணை கேட்டார்.

"எத்தினை மூட்டை வேணும்? பின்னால விதைநெல் கிடக்கு."

நெல் கடைக்கு வந்தது

அடுத்த நாள் முற்பகல் லான்ட்மாஸ்டர் உழவு மெஷினில் டவர் இரண்டும் பத்து மூட்டை நெல்லும் கடை வாசலில் வந்து இறங்கின. முதலாளி ஓடி வந்தார்.

"அண்ணை, நாங்கள் நெல் வாங்கிறேல்லை!"

"நானும் விக்க வரேல்லை" என்றார் தவராசா அண்ணை.

அதற்குள் நான் அறையில் கம்பளத்தைச் சுருட்டி, திரையைக் கழற்றியிருந்தேன். வெறும் சுவர். டவரை வைத்து, முதலாளியை நடுவில் இருத்திப் பாட்டைப் போட்டேன். அவர் முகம் புளியங்காய் கடித்த மாதிரி ஆனது. "பெட்டி பழுது. நிப்பாட்டும்!" என்றார். நிற்பாட்டிவிட்டு நானும் அண்ணையும் மூச்சு வாங்க மூட்டைகளைச் சுவரோரம் அடுக்கினோம். அதே பெட்டி, அதே பாட்டு. இந்த முறை முதலாளி கதிரையை விட்டு எழும்பவில்லை. பாட்டு முடியும் வரை இருந்தார். அவர் ஒரு முழுப் பாட்டை இருந்து கேட்டதை நான் அன்றுதான் கண்டேன்.

"பனையில கட்டேக்க உப்பிடி ஒருநாளும் வரேல்லையே" என்றார் கடைசியில்.

"அங்க சத்தத்தைப் பிடிச்சு வைக்கச் சுவர் இல்லை, முதலாளி."

பிறகு, பிழை என்னுடையது என்பதையும் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் மூட்டையில் ஒருமுறை தட்டிப் பார்த்தார். வெளியில் போனார். ஃபான் பெட்டிகளைக் கடையில் நாங்கள் சாப்பிடும் மேசைக்கு அடியில் தள்ளச் சொல்லும் சத்தம் கேட்டது. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

அந்த டவர்களைப் பிறகு மாங்குளத்தில் ஒரு வீட்டுக்குக் கொடுத்தேன். நீள ஹோல், மெத்தைக் கதிரை, தடித்த திரை. ஆனாலும் முதலில் கை தட்டிப் பார்த்துத்தான் கொடுத்தேன்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு

டவர் நல்லதோ, புக்ஷெல்ஃப் நல்லதோ என்று வந்து கேட்பார்கள். உடனே பதில் சொல்லாதீர்கள். வீட்டைக் கேளுங்கள். ஹோல் எவ்வளவு, தரையில் என்ன, கதிரைக்கும் சுவருக்கும் எவ்வளவு தூரம் என்று கேளுங்கள். முடிந்தால் போய்க் கை தட்டிப் பாருங்கள். நம் ஊரில் ஒரே ஹோல் மாசியில் ஒன்று, சித்திரையில் இன்னொன்று. வெறுமையாக இருக்கிற நாளில் எது நன்றாகக் கேட்கிறதோ அதை விற்றால், போன் அடிக்கும்போது பயமில்லை. பிழை விட்டால், பெட்டியில் பழி போடவேண்டாம். நான் அன்று அப்படிப் போட்டிருந்தால் அந்த விதைநெல் கடைக்கு வந்திராது.

விதைப்பு வந்ததும் அண்ணையின் நெல் திரும்பிப் போனது. அடுத்த நாளே முதலாளி தன் காசில் பத்து மூட்டை வாங்கி அறையில் அடுக்கினார். இன்றும் அங்கேதான் நிற்கின்றன.

போன மாதம் புதிதாக வீடு குடிபுகுந்த ஒரு சோடி வந்தது. பெடியன் நேரே டவரிடம் போனான். நான் வாயெடுக்க முன், கதிரையில் இருந்து முதலாளியின் குரல்.

"தம்பி, வீட்டில நெல் வித்தாச்சோ?"

"நாங்கள் வயல் செய்யிறேல்லை ஐயா. வெறும் ஹோல்."

"அப்ப சின்னதை எடும்" என்றார் முதலாளி. "அது காணும்."