தாலி கட்டும்போது நின்ற மேளம்

நிபோங் திபாலிலிருந்து வர வேண்டிய மேளக்காரர்கள் கடல்பாலத்து நெரிசலில் மாட்டிக்கொண்டார்கள். ஜார்ஜ்டவுன் கோயில் மண்டபத்தில் நடந்த அந்தக் கல்யாணத்துக்குக் கீபோர்டு வாசிக்க வந்திருந்த நான், லேப்டாப்பில் இருந்த தவில் ஒலியை வைத்துச் சமாளிக்க ஒப்புக்கொண்டேன். கட்டையைத் தொட்டவுடன் சத்தம் வர வேண்டுமென்று ஒலியைச் சற்றுத் தாமதிக்கவைக்கும் பஃபர் அளவை மிகவும் குறைத்தேன். ஒலி விட்டுவிட்டு வந்தது. வைஃபையை அணைத்ததும் சரியானது. தாலி ஏறும்போது யாராவது தும்மினால்கூட மேளம்தான் அதை மறைக்க வேண்டும்.

ஐயர் “கெட்டிமேளம்!” என்றார். வெளுத்து வாங்கினேன். மாப்பிள்ளை தாலியை எடுத்த நொடியில் லேப்டாப் ஒலியை ஸ்பீக்கருக்கு அனுப்பும் யுஎஸ்பி சவுண்ட் கார்டு செத்தது. விரல்கள் ஓடுகின்றன, சத்தமில்லை. மண்டபமே திரும்பி என்னைப் பார்த்தது.

“என்னா பாத்துக்கிட்டு இருக்கீங்க? எல்லாரும் தட்டுங்க லா!”

இப்படிக் கத்திக்கொண்டே பெண்ணின் அம்மா, அட்சதை கொடுத்து முடித்த காலித் தட்டை எடுத்து ஓங்கி அடித்தார். உடனே கைதட்டலும் நாற்காலித் தட்டலுமாக மண்டபம் அதிர்ந்தது. அந்த இரைச்சலில் மூன்று முடிச்சும் விழுந்தன.

பிறகுதான் பார்த்தேன். சவுண்ட் கார்டு இருந்த அதே யுஎஸ்பி ஹப்பில், சார்ஜ் இறங்கிய என் கைப்பேசியை நானே செருகியிருந்தேன். அது மின்சாரத்தை இழுத்துக்கொண்டதில்தான் கார்டு அணைந்திருக்கிறது.

இன்றும் “கெட்டிமேளம்” என்று கேட்டால் விரல் சில்லிடுகிறது. என் கீபோர்டு பைக்குள் எப்போதும் ஓர் எவர்சில்வர் தட்டு இருக்கிறது.