விமானத்தை எடுக்காதீர்கள்

போன மாதம் ஒரு மனு எழுதினேன். குடிதண்ணீருக்காக அல்ல, தெருவிளக்குக்காகவும் அல்ல. ஒரு வீடியோ கேம் மெஷினை எடுத்துவிட வேண்டாம் என்று!

கையெழுத்துப் போட்டது மூன்று பேர். ஒரு டெய்லர், ஒரு கெமிஸ்ட்ரி லெக்சரர், அப்புறம் நான். வயது முப்பத்தெட்டு, அரசாங்க உத்தியோகம். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

திருச்செங்கோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பழனிச்சாமி கேம் கடை வைத்திருக்கிறார். மூன்று மெஷின்தான். அதில் மிகப் பழையது விமான கேம். ஒரு சின்ன விமானம்... எதிரே வருவதையெல்லாம் சுட வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்காகத்தான் ஆபீஸ் விட்டதும் நான் அங்கே போவேன்.

அதைத் தூக்கிவிட்டு, ஸ்டியரிங் வைத்த கார் ரேஸ் இன்னொன்று வாங்கப் போவதாக அவர் சொன்னார். காலேஜ் பையன்கள் ஏற்கெனவே இருக்கிற காருக்கு வரிசையில் நிற்கிறார்கள். விமானத்துக்கு யார் நிற்கிறார்கள்? நாங்கள்.

பழனிச்சாமி மனுவை முழுசாகப் படித்தார். மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"கையெழுத்து நல்லா இருக்குதுங்க சார். ஆனா நீங்க மூணு பேருங்க. அவிங்க முப்பது பேருங்க."

கணக்கு சரியாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் புதுக் கார் வந்தது. விமானம் வயர் பிடுங்கப்பட்டு, தார்ப்பாய் போர்த்தப்பட்டு மூலைக்குப் போனது. விலைக்குக் கேட்டு ஆள் வரும்வரை அங்கேதான். டெய்லர் இரண்டு நாள் கடைப்பக்கமே வரவில்லை. நான் வந்தேன். சும்மா நின்றுவிட்டுப் போனேன்.

பிறகு மழைக்காலம் தொடங்கியது. செல்வராசு ஊருக்கு வந்தார்.

செல்வராசு ரிக் லாரி டிரைவர். போர்வெல் போடுகிற அந்த ராட்சச வண்டியை ஓட்டிக்கொண்டு ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம் என்று போய்விடுவார். மழையில் வேலை நின்றால்தான் வீடு. வந்ததும் பையை வீட்டில் வைத்துவிட்டு நேராக விமானத்துக்கு வருவார். எங்களில் யாரும் அவர் ஸ்கோரைத் தொட்டதில்லை.

தார்ப்பாயைப் பார்த்தார். அதன் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டார். பழனிச்சாமிக்குத்தான் சங்கடம். புதுக் காரைக் காட்டி, ஓட்டிப் பாருங்கள், காசு வேண்டாம் என்றார்.

செல்வராசு உட்கார்ந்தார். ஸ்டியரிங்கைப் பிடித்தார். திரையில் ரோடு ஓட ஆரம்பித்தது. அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது, கையை எடுத்துவிட்டார். கார் தானாகப் போய் எதிலோ மோதியது.

"எட்டு மாசமா இதத்தானுங்கண்ணா பண்ணிட்டு வாரேன்" என்றார், மெதுவாக.

வரிசையில் நின்ற பையன்கள்கூடத் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

பழனிச்சாமி எழுந்தார். தன் மேஜையையும் நாற்காலியையும் இழுத்து வாசலில் போட்டார். அந்த இடத்தில் விமானத்தைத் தள்ளி நிறுத்தி, வயரைச் சொருகினார்.

"மழ முடியற மட்டும் இருக்கட்டுங்க. அவரு கெளம்புனதும் மூடிருவேன்."

"அப்ப நாங்க?" என்றார் டெய்லர்.

பழனிச்சாமி அதைக் காதில் வாங்கவில்லை.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கூட்டம் கேட்பதைக் கொடுப்பவர்தான் கடை நடத்த முடியும். ஆனால் ஒரே ஒரு ஆளுக்காக மழைச் சாரலில் நாற்காலி போட்டு உட்காருகிறாரே... அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நேற்று விமானத்துக்கு என் முறை வரக் காத்திருந்தபோது, சும்மா ஒரு தரம் கார் ஓட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. டெய்லரிடம் சொல்லிவிடாதீர்கள்.