அக்னி மூலையை நகர்த்திய கதை

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். பணியிடப் பாதுகாப்பு அதிகாரிக்கு அது ஆகாத குணம் என்பார்கள். அந்த வேலைக்கு அதுதான் முதல் தகுதி என்பேன் நான். பரளச்சிப் பக்கம் கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் பல்கலைக்கழகம். அங்கே அந்தப் பதவிக்கு வந்த முதல் ஆள் நான்தான். ஒரு வருடம் தகுதிகாண் பருவம். அதன் முடிவில் வெளியிலிருந்து ஓர் ஆய்வுக் குழு வரும். அவர்கள் முன்னால் தீ ஒத்திகை நடத்தி, எல்லோரும் கூடுமிடத்துக்கு ஒழுங்காக வந்து சேர்வதைக் காட்டினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அருப்புக்கோட்டையில் வீடு பிடித்து, மகளைப் பள்ளியிலும் சேர்த்திருந்தேன். பெட்டி கட்டுகிற நிலையில் நான் இல்லை.

கூடுமிடத்தைத் தேர்ந்தெடுத்ததும் நானேதான். நூலகத்துக்குப் பின்னால் ஒரு பொட்டல். கட்டடம் எதுவும் பக்கத்தில் இல்லை, தலைக்கு மேல் மின்கம்பி இல்லை. பச்சைப் பலகை ஒன்றை நட்டு, அதன் பக்கத்தில் நின்று படம்கூட எடுத்துக்கொண்டேன். அப்போது மார்கழி.

முதல் ஒத்திகை நடந்தது சித்திரையில், காலை பதினொரு மணிக்கு. மணி அடித்ததும் கட்டடங்களிலிருந்து ஜனம் திபுதிபுவென்று வெளியே வந்தது. எனக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. வந்த கூட்டம் என் பலகைக்கு முதுகைக் காட்டிவிட்டு நேராக இரண்டு வேப்பமரங்களுக்கு அடியில் போய் உட்கார்ந்தது. வளாகத்திலேயே நிழல் என்று இருந்தது அது ஒன்றுதான். அதை ஒட்டித்தான் கேன்டீனுக்கும் ஆய்வகங்களுக்குமான கேஸ் சிலிண்டர்களை வைத்திருக்கும் கொட்டகை. தீப்பிடித்தால் எந்த இடத்துக்குப் போகவே கூடாதோ, அந்த இடத்தில் உட்கார்ந்து ஒரு பேராசிரியர் கடலை உடைத்துக்கொண்டிருந்தார். பலகைக்குக் கீழே இரண்டே பேர். நானும், குடை பிடித்தபடி பின்கேட்டு வாட்ச்மேனும்.

தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தினேன். துப்புரவு வேலை பார்க்கும் அக்கா ஒருவர் முந்தானையால் விசிறிக்கொண்டே சொன்னார்: "மேடம், தீயில சாகாம இருக்கத்தான கூப்புடுறீக? அந்தப் பொட்டல்ல நின்னா வெயில்ல செத்துருவோம்ல."

"அதுக்காக சிலிண்டர் பக்கத்துலயா உக்காருவீங்க?"

"மரத்தை நகத்த முடியாது. சிலிண்டரை நகத்தலாம்ல?"

எத்தனை பயிற்சி வகுப்பு, எத்தனை சான்றிதழ். இந்த ஒரு யோசனை மட்டும் எனக்கு வரவே இல்லை.

பதிவாளரிடம் ஓடினேன். அவர் சிரித்தார். "மேடம், கேஸ் கொட்டகையை அசைக்க முடியாது. அது அக்னி மூலை. தென்கிழக்கு. நிர்வாகத்துல வாஸ்து பாத்து வச்சது. அவுக ஒத்துக்க மாட்டாக." நான் படம் வரைந்து காட்டினேன், விதிகளைப் படித்துக் காட்டினேன். மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அக்னி பகவானே வந்து மனுக் கொடுத்தாலும் கொட்டகை நகராது போலிருந்தது.

நாலாவது கடிதத்துக்காக வளாகத்தின் வரைபடத்தை விரித்தபோதுதான் அது கண்ணில் பட்டது. போன வருடம் தெற்கேயும் கிழக்கேயும் புதிதாக நிலம் வாங்கிச் சுற்றுச்சுவரைத் தள்ளிக் கட்டியிருந்தார்கள். கொட்டகை இப்போது மூலையிலேயே இல்லை. கிட்டத்தட்ட நட்ட நடுவில் இருந்தது. ஆளில்லாத அறையில் நான் கைதட்டிச் சிரித்தேன்.

பதிவாளர் மேசையில் வரைபடத்தை விரித்து, முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டேன். "எனக்கு வாஸ்து தெரியாது சார். ஆனா நிலம் வாங்கின பிறகு அக்னி மூலை இந்தப் புதுச் சுவர் பக்கம் போயிடுச்சே. நடுவுல நெருப்பை வச்சிருந்தா ஒண்ணும் ஆகாதுல்ல?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டினார். "இதை ஏன் மொதல்லயே சொல்லலை?" என்றார்.

மூன்று கடிதத்துக்கு அசையாத கொட்டகை ஒரே வாரத்தில் புதுச் சுவரோரம் போய்விட்டது, பூசையோடு. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வேப்பமரத்தடியைக் கூடுமிடமாக அறிவித்துப் புதுப் பலகை நட்டேன். எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன்.

ஆய்வுக் குழு வந்த நாள். மணி அடித்தது. ஜனம் சொல்லாமலேயே நிழலுக்கு ஓடியது. இந்த முறை அதுதான் சரி. அக்கா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். ஒவ்வொரு துறையாகப் பெயரை வாசித்துத் தலை எண்ணினோம். ஒரு தலை குறைந்தது.

மறுபடியும் எண்ணினோம். அதே கணக்குதான்.

பதிவாளர் என் காதோரம் வந்து, "ஃபுல்லுன்னு சொல்லிருங்க மேடம், ஒரு ஆளுதான" என்றார். பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. மகளின் புதுச் சீருடை ஞாபகம் வந்தது. பிறகு, நிஜமாகவே தீ என்றால் அந்த ஒரு ஆள் உள்ளே இருப்பாரே என்று நினைத்தேன். குழுத் தலைவரிடம் போய், "ஒருத்தர் குறையறார் சார்" என்றேன். பதிவாளர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பட்டியலில் டிக் விழாமல் இருந்தது பின்கேட்டு வாட்ச்மேன் பெயர்தான். ஆளைக் கண்ணால் பார்த்தால் போதும் என்று ஓடினேன். நூலகத்தைச் சுற்றிப் போனால், என் பழைய பலகைக்குக் கீழே, குடையைப் பிடித்துக்கொண்டு தனி ஆளாக நிற்கிறார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

"இங்க ஏன் நிக்கிறீங்க?"

"நீங்கதான சொன்னீக. மணி அடிச்சா இந்தப் பலகைகிட்ட வந்து நிக்கணும், நான் சொல்லாம நகரக் கூடாதுன்னு."

அவரிடம் இருப்பது பட்டன் போன். வாட்ஸ்அப் செய்தி அவருக்குப் போகவே இல்லை. பழைய பலகையைப் பிடுங்கவும் நான் மறந்திருக்கிறேன். ஒரு வருடமாக நான் கத்தியதை அப்படியே கேட்ட ஒரே மனிதரை நானே வெயிலில் நிறுத்திவிட்டேன். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

பின்னாலேயே குழு வந்து நின்றது. தலைவர் பலகையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இதைப் பிடுங்காதது யார் தப்பு?"

"என் தப்புதான் சார்."

அவர் எழுதிக்கொண்டே சொன்னார்: "போற எடமெல்லாம் ஃபுல்லுன்னுதான் சொல்றாங்க. ஆள் குறையுதுன்னு ஒருத்தர் சொல்லி இன்னைக்குத்தான் கேக்குறேன்." அடுத்த வாரம் வந்த நிரந்தர உத்தரவுக்கு அந்த ஒரு குறிப்புதான் காரணம் என்று பதிவாளரே பிறகு என்னிடம் சொன்னார்.

அன்றைக்கு அது எதுவும் எனக்குத் தெரியாது. குழு திரும்பிப் போனது. நானும் நாலு எட்டு நடந்துவிட்டேன். பின்னால் காலடிச் சத்தமே இல்லையே என்று திரும்பிப் பார்த்தால், வாட்ச்மேன் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இனி நகரலாமா மேடம்?" என்று கேட்டார்.