கத்தாழையில் பூத்த முட்டை

போன வாரம் ஒரு நர்சரியில், கத்தாழை முள் நுனியில் செருகுவதற்கென்றே பீங்கான் முட்டை விற்றார்கள். விலையைக் கேட்டதும் எனக்குத் திருநகர் வீடு ஞாபகம் வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம். அக்காவைப் பெண் பார்க்க வாடிப்பட்டியிலிருந்து வருவதாக இருந்தார்கள். மாப்பிள்ளைக்கு எங்கள் பக்கத்தில்தான் வேலை. முன்வாசலை அழகுபடுத்த அப்பா கொடுத்த காசு சுண்ணாம்போடு தீர்ந்துவிட்டது. மிச்சம் கத்தாழைச் செடி. எதிர்வீட்டில் அதன் முள்ளுக்கெல்லாம் முட்டை ஓடு மாட்டியிருப்பார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வெள்ளைப் பூ. புரோட்டாக் கடையில் ஒரு பை ஓடு சும்மாவே கொடுத்தார்கள். முள்ளுக்கு ஒன்றாகச் செருகிவிட்டுத் தள்ளி நின்று ரசித்தேன். நாங்கள் வெங்காயத்தையே யோசித்துச் சாப்பிடும் சைவம் என்பது என் கலைக்கண்ணில் படவில்லை.

வந்தவர்களும் அதே சைவம். மாப்பிள்ளையின் அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இம்புட்டு முட்டையும் யாரு சாப்பிட்டது?"

"நாங்க யாரும் தொடமாட்டோங்க. இவன் புரோட்டாக் கடையில பொறுக்கிட்டு வந்திருக்கான்" என்றாள் என் அம்மா. உண்மைதான். ஆனால் கேட்பதற்கு இன்னும் கேவலமாக இருந்தது. ஜன்னலுக்குப் பின்னால் அக்காவின் முகம் வாடிவிட்டது.

"கடையில போய் யாராச்சும் ஓடு பொறுக்குவாகளா?"

மாப்பிள்ளை குறுக்கிட்டார். "நிசந்தாம்மா. ஆம்லெட் கல்லுக்குப் பின்னால ஒரு கூடை நெறைய கிடக்கும். கேட்டா கொடுப்பாங்க."

அந்த அம்மா கத்தாழையை விட்டுவிட்டு மகனைப் பார்த்தார். அதற்குப்பின் எங்களை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அன்றைக்கே தேதி குறித்தார்கள்.