சித்தியின் இடது கை நாடி

சித்தி சோம்பேறியாகிவிட்டாள் என்று அந்தக் கோடை விடுமுறை முழுக்க எங்கள் வீட்டில் பேச்சு. அம்மாவின் தங்கை, ஆரணியில் எங்களோடுதான் இருந்தாள். பட்டுத்தறியில் உட்கார்ந்தால் வாயும் ஓயாது, கையும் ஓயாது. அந்த வருஷம் என்னவோ, இடது கையால் நூலை நெருக்கும் பலகையை இழுத்து அடித்துக்கொண்டிருப்பவள் பாதியில் நிறுத்திக் கையைத் தொங்கப்போட்டுவிடுவாள். தலை வாரக்கூடக் கையைத் தூக்க முடியாமல் சீப்பை என்னிடம் நீட்டினாள்.

எங்கள் தெருவில் தோள் வலிக்காதவர் யார்? தறிவலி என்று சொல்லி, தைலத்தைத் தேய்த்துக்கொண்டு மறுபடி தறியில் இறங்குவதுதான் வழக்கம். சித்திக்கும் அதுதான் என்று முடிவாயிற்று. இடையிடையே தலை சுற்றி, கண் இருட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். அதற்கு வெயில் காரணமாயிற்று. எங்களிடம் எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் தயாராக இருந்தது.

பள்ளியில் நாடி பார்க்கக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். வீட்டில் அகப்பட்டவர் கையையெல்லாம் பிடித்தேன். சித்திக்கு வலது கையில் துடித்தது. இடது கையில் எவ்வளவு அழுத்தித் தேடியும் கிடைக்கவில்லை.

"சித்தி, உனக்கு இந்தக் கையில நாடியே இல்ல."

"அதைத் தறிக்குக் குடுத்துட்டேன்டி. இன்னா டாக்டரம்மா, பொழைப்பேனா?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

ஆடி மாதம் ஒரு காலை, பேசிக்கொண்டிருக்கும்போதே சித்தியின் வாய் கோணியது. நன்றாக இருந்த வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. வேலூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் இடது மணிக்கட்டை வெகுநேரம் பிடித்திருந்தார். ரத்தக்குழாய்ச் சுவரில் அழற்சி, சுவர் தடித்து வழி குறுகிக்கொண்டே வந்திருக்கிறது, கைக்குப் போகும் குழாயும் மூளையின் இடப்பக்கத்துக்குப் போகும் குழாயும் அப்படித்தான் அடைபட்டன என்றார். வலது கையையும் பேச்சையும் நடத்துவது அந்தப் பக்கத்து மூளைதானாம். இந்த நோய் இளவயதுப் பெண்களுக்கு வருமாம்.

"இந்தக் கையில நாடி எப்பலேர்ந்து இல்ல?"

பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். "லீவுலேர்ந்தே இல்லைங்க. நான் பார்த்தேன்," என்றேன் பெருமையாக.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரிடம், "அப்பவே கூட்டிகினு வந்திருந்தா இவளுக்குப் பேச்சு போயிருக்காதுங்களா?" என்றாள்.

டாக்டர் சித்தியின் கையை மெல்ல இறக்கி வைத்துப் போர்வையைச் சரிசெய்தார். அம்மா மறுபடியும் கேட்டாள். அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

பாவம், டாக்டருக்குக் காது கேட்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.